கேஸ் ஃபைலும் ரசீதுப் புத்தகமும்

“ஏனுங் தம்பி, இது குடுக்காட்டி நம்ம கேஸுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?”

அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். தொழிற்சங்கத்தில் கேஸ் பார்க்கிற நான், 2019 மக்களவைத் தேர்தலுக்கு எங்கள் இடதுசாரிக் கட்சிக்காக நிதி வசூலிக்கப் போயிருந்தேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அக்கா. இஷ்டப்பட்டவங்க குடுக்கறது இது. கேஸ் வேற, இது வேற” என்றேன். “அப்பச் சரிங்க, ஐநூறுன்னு எழுதிக்குங்க” என்றார். எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. நிதி தராதவர் கேஸைச் சங்கம் கைவிட்டதாக ஒரு சம்பவம்கூட எனக்குத் தெரியாது. எதிர்க்கட்சிக்கு வேலை செய்தவருக்கும் வாய்தாவுக்குப் போய் நின்றிருக்கிறோம். அப்படியிருந்தும் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மில் மூடிய பிறகு வரவேண்டிய கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, ஒன்றுதான் அவருடைய மிச்ச நம்பிக்கை. அந்த ஃபைல் என் பீரோவில் இருந்தது, ரசீதுப் புத்தகம் என் பையில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே ஆள். நான் சொன்னதை நம்பி மனம் லேசாகிக் கொடுத்தாரா, இல்லை நம்பாமல் எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்தாரா? முகத்தை எத்தனையோ தடவை நினைவுபடுத்திப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிற முகம் அது.

இடதுசாரிக் கட்சிகளின் நிதிக் கொள்கையை நான் வாயிற்கூட்டங்களில் பேசியிருக்கிறேன். உறுப்பினர் தன் வருமானத்திலிருந்து கட்டும் லெவி, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் கட்சிக்குத் தரும் சம்பளம், உண்டியல், தொழிலாளி தரும் பத்தும் நூறும். இதில் நிற்கிற கட்சியால்தான் முதலாளியை எதிர்த்துப் பேச முடியும் என்பேன். 2017 நிதிச் சட்டம், கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக்கூடாது என்ற வரம்பை எடுத்தது. எந்தக் கட்சிக்குத் தந்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்றும் ஆக்கியது. 2018 ஜனவரியில், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் வாங்கிக் கட்சிக்குத் தரும் தேர்தல் பத்திரம் வந்தபோது இடதுசாரிகள் அதை வாங்க மறுத்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி உச்ச நீதிமன்றத்தில் வழக்கே தொடுத்தது. அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தோம். அன்று இரவு தீர்ப்பைப் பற்றிய செய்திகளை உட்கார்ந்து படித்தேன். தனிமனிதர் தரும் நிதியில் ஆதரவு என்ற அம்சம் இருக்கிறது, கம்பெனி தருவதோ பிரதிபலனை எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரம், இரண்டையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. நான் மேடையில் சொன்னதும் அதுவேதான். ஆனால் படிக்கும்போது அந்த அக்காவின் கேள்வி குறுக்கே வந்து நின்றுகொண்டது. அந்த ஐநூறு ஆதரவா, கேஸுக்கான காப்பா?

அரசுத் தரப்பு வாதம்தான் இன்னும் குடைந்தது. நன்கொடையாளர் யார் என்று தெரிந்தால், நன்கொடை கிடைக்காத கட்சி அவரைப் பழிவாங்கும். அந்தப் பயத்திலிருந்து காக்கத்தான் ரகசியம் என்றார்கள். கோடி கொடுப்பவனுக்கு என்ன பயம் என்று கூட்டத்தில் கேட்டவன் நான். கைதட்டல்கூடக் கிடைத்தது. அந்த வாதம் அங்கே பொருந்தவில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன், ஏனென்றால் பத்திரத்தை விற்றது ஸ்டேட் வங்கி. ஆளுங்கட்சி நினைத்தால் எல்லாம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பயம் உண்மையிலேயே பொருந்துகிற ஒருவர் என் முன்னால் நின்றிருக்கிறார். 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரைத்தான் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தரவேண்டும். அக்காவின் பெயர் அங்கே போகாது. அது இருப்பது ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில், எங்களிடம். அவர் யாருக்காவது பயந்திருந்தால் அது எங்களுக்குத்தான்; அவர் கொடுத்தாரா இல்லையா என்று தெரிந்த ஆட்களும் நாங்கள்தான்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் இதை அப்போதே யோசித்திருந்தது. அரசியல் நிதி தனியாக இருக்க வேண்டும், கட்டாயப்படுத்தக்கூடாது, தராதவருக்கு எந்தக் குறையும் வைக்கக்கூடாது என்றது அதன் 16-ஆம் பிரிவு. நாங்கள் சந்தாப் பணத்தில் ஒரு பைசா எடுத்ததில்லை. வசூல் முழுக்கக் கட்சி ரசீதில். சட்டப்படி எங்களிடம் கேட்க ஒன்றுமில்லை.

ஒரு லாட்டரிக் கம்பெனி 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கிய நாட்டில், அதில் 509 கோடி நம் ஊர்க் கட்சியான திமுகவுக்கு வந்த மாநிலத்தில், ஒரு மில் தொழிலாளியின் ஐநூறைப் போட்டு இவ்வளவு குடைய வேண்டுமா? அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதே அநியாயம் என்று மனம் அடித்துக்கொள்கிறது. வாங்குகிற பக்கமிருந்து பார்த்தால் அநியாயம்தான். கொடுக்கிறவர் பக்கம் போய் நின்றால் எனக்கு அவ்வளவு தைரியமாகச் சொல்ல வரவில்லை.

2019 செப்டம்பரில் வந்த செய்தியையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி தந்ததாகத் திமுக தன் செலவுக் கணக்கில் காட்டியிருந்தது. கூட்டணித் தேர்தல் செலவு, வங்கி வழியாக வந்தது, மறைக்கவில்லை என்று எங்கள் தலைவர்கள் விளக்கம் சொன்னார்கள். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செயலாளரிடம் கேட்டேன்: “கோடிக் கணக்குல அங்கிருந்து வருதுன்னா, அந்த அக்காகிட்ட நான் எதுக்குங் தோழர் போகணும்?” அவர் சொன்னார்: “அதுக்காகத்தான் போகணும். நம்ம சனங்ககிட்ட வாங்கறத நிறுத்திட்டா, அப்புறம் அவங்ககிட்ட மட்டும்தான் கையேந்தணும்.” இதற்குப் பதில் அன்றும் என்னிடம் இல்லை.

2020-இல் அக்காவின் கேஸ் முடிந்து பணம் வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தல் வசூலுக்கு அந்தத் தெருவுக்கு நான் போகாமல் இன்னொரு தோழரை அனுப்பினேன். கேஸ் இல்லாத நிலையில் அவர் என்ன செய்வார் என்பதை நேரில் பார்க்க விருப்பமில்லை. பிறகு அடிக்கட்டையைப் புரட்டினேன். அவர் பெயரில் நூறு ரூபாய். கொரோனா வருமானம் தின்றிருந்த காலம். நூறுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். போனவர் புது ஆள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கேஸ் இல்லாமலும் நூறு தந்தாரே என்று ஒருநாள் தேறுவேன். மறுநாள் மிச்ச நானூறின் நினைப்பு வரும்.

கேஸ் பார்க்கிற ஆள் வசூலுக்குப் போகக்கூடாது என்று கமிட்டியில் சொன்னேன். செயலாளர் மறுத்தார். “உன்னத் தெரிஞ்சதாலதான் குடுக்கறாங்க. முகந்தெரியாதவன் போனா யாரு குடுப்பாங்க?” என்றார். அவர் சொல்வது நிஜம். தெரிந்த முகம் என்பதில்தான் எனக்கும் உறுத்தல். வசூல் குறைந்தாலும் பரவாயில்லை, பிரிக்கத்தான் வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2024 தேர்தலுக்கு ஆள் கிடைக்கவில்லை. கேஸ் நடக்கிற வீடுகளுக்கும் நானே போனேன். போன இடத்திலெல்லாம், அவர்கள் கேட்பதற்கு முன்பே, இதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை என்று நானாகச் சொன்னேன். அப்படிச் சொன்னதால் அதுவரை அந்த நினைப்பே இல்லாதவர்களுக்கும் அதை எடுத்துக் கொடுத்தேனோ, தெரியவில்லை.