பாதியில நின்ன ரீசெட்: பிரிண்டர் நாட்குறிப்பு

மே 6, ராத்திரி

அக்கினி நட்சத்திரம் தொடங்குனதுலேர்ந்து திருநகர்ல ஃபேன் காத்தே அனலா அடிக்குது, இதுல பிரிண்டர்ல மை பீச்சுற ஹெட் மட்டும் காயாம இருக்குமா. மஞ்சள் கோடு கோடா வருதுன்னு தங்கச்சி ஹெட் கிளீனிங்கா போட்டுத் தள்ளிட்டா. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் பம்ப் மையை உறிஞ்சி அடியில கிடக்குற பேடுக்குத்தான், அதாவது வேஸ்ட் மையை உறிஞ்சி வச்சுக்குற பஞ்சுக்குத்தான் அனுப்புது. இன்னைக்கு ஆரஞ்சு லைட் மினுக்கி 5பி00ன்னு எரர். பேடு நிறைஞ்சிருச்சாம். உள்ள எட்டிப் பாத்து சொல்றதில்ல அது, எவ்வளவு மை போயிருக்கும்னு போர்டுல உள்ள ஈஈப்ராம்ங்குற மெமரி சிப்ல ஒரு கணக்கு ஓடும், அது நூறைத் தொட்டதும் கடையைச் சாத்திரும்.

மே 7

அந்தக் கணக்கை அழிக்க மெக்கானிக்குங்க வச்சிருக்குற சர்வீஸ் சாஃப்ட்வேர் வேணும், அது கண்ட கண்ட சைட்லதான் கிடைக்குது, பாதி வைரஸ். அதனால நெட் கனெக்‌ஷன் இல்லாத பழைய லேப்டாப்புல போட்டு, மெயின் கவுன்டரை, அதான் அந்த மை கணக்கை, சைபர் ஆக்க "செட்" பட்டனை அமுக்குனேன். அந்த நேரம் பாத்து கரண்ட் போச்சு. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, பிரிண்டருக்கு என்ன இருக்கு. திரும்ப வந்ததும் பச்சையும் ஆரஞ்சும் மாறி மாறி மினுக்குது, எந்த பட்டனுக்கும் அசையல. அப்பா பேப்பர்லேர்ந்து தலையத் தூக்காமலே, "முடிஞ்சுச்சா?"

மே 8

டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். மூடியைக்கூட திறக்கல, "போர்டு போயிருச்சு தம்பி, மாத்தணும்"னாரு. எனக்கு ஒப்பல. ஆன் பண்ணுனா ஹெட் அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு நடை நடந்துட்டுத்தான் நிக்குது, செத்த போர்டு ஹெட்டை நகத்துமா? "வர்றேன்ணே"ன்னு தூக்கிட்டு வந்துட்டேன்.

மே 9

வழி கிடைச்சிருச்சு. மறுபடி சர்வீஸ் மோடுக்குப் போகணும், அதுல இருந்தாத்தான் பிரிண்டர் அந்த சாஃப்ட்வேர் சொல்றதைக் கேக்கும், அம்புட்டுத்தான். பிளக் சொருகியிருக்கணும், பிரிண்டர் ஆஃப்ல இருக்கணும். ஸ்டாப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவரையும் அமுக்கணும், பவரை விடாம ஸ்டாப்பை மட்டும் விட்டு, அதை அஞ்சு தட்டு தட்டிட்டு அப்புறம் பவரை விடணும். அஞ்சுங்குறது என் மாடலுக்கு, சிலதுக்கு வேற. சரியா உள்ள போயிட்டா பச்சை மினுக்காம நிக்கும், உள்ள கடமுட சத்தம் எதுவும் கேக்காது. எனக்கு முதல்ல சாஃப்ட்வேர்ல 006ன்னே எரர் வந்துக்கிட்டு இருந்துச்சு, சர்வீஸ் மோடுல இல்லேன்னு அர்த்தம். யூஎஸ்பி ஹப்பைத் தூக்கிப் போட்டுட்டு கேபிளை நேரா லேப்டாப்புல சொருகி, பைய தட்டுனதும்தான் பிடிச்சுச்சு. தட்டுல பேப்பர் வச்சு மெயின், சைபர், செட். ஒரு தாள் வெளிய வந்துச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா ஒரே பச்சை! இந்த தடவை பிரிண்டர் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல, அதையும் சொல்லிடுறேன்.

மே 11

கவுன்டர் சைபர் ஆனதால பேடு காஞ்சிராது. இதைச் சொல்லாம ரீசெட்டுக்கு மட்டும் காசு வாங்குறவங்க நிறைய பேரு, அப்புறம் ஒருநாள் மேசையெல்லாம் மை ஒழுகும். ஸ்க்ரூவைக் கழட்டி பேடை வெளிய எடுத்தா, ஊறிப்போன கருப்புக் கம்பளி மாதிரி கனம். பின்னாடி குழாயடியில பிழியப் பிழிய ஊதா, கருப்பு, பச்சைன்னு ஓடுது, "தொவைக்கிற கல்லுல வச்சா பிழியிறீங்க?"ன்னு மதினி கத்துனாங்க, அந்தக் கறை இன்னும் போகல. மாடி வெயில்ல காய வச்சு மாட்டியாச்சு.

கூடவே மெடிக்கல்ல ஒரு ட்ரிப் செட் வாங்கி அந்த டியூபை பம்ப் குழாயோட சேத்து பின்பக்கம் வெளிய எடுத்து ஒரு காலி தண்ணி பாட்டில்ல விட்டுட்டேன், வேஸ்ட் மை இனி அதுல விழும். டியூப் எங்கயும் மடங்கக்கூடாது, பாட்டில் பிரிண்டரை விட கீழ இருக்கணும். புது மாடல்கள்ல இதுக்குன்னே ஒரு டப்பா, கழட்டி வேற மாட்டிக்கலாம், இந்த அக்கப்போரெல்லாம் இல்ல.

மே 13

எதிர் வீட்டு அக்கா பட்டா நகல் கேட்டாங்க, கருப்பு பளிச்சுன்னு வந்துச்சு. மஞ்சள்ல இன்னும் ஒரு கோடு விழுது. தங்கச்சி கை கிளீனிங்குக்குப் போகுது, தட்டி விட்டேன். தினம் ஒரு மஞ்சள் தாள் அடிச்சாப் போதும்னு சொல்லி வச்சிருக்கேன்.