இளவரசரின் முரசும் எங்கள் பாண்டும்

லண்டனுக்கு வரும் உறவினர்களை நாம் தவறாமல் கூட்டிப்போய்க் காட்டும் ஹோர்ஸ் கார்ட்ஸ் மைதானம், முதலாம் எலிசபெத் காலத்தில் பிரபுக்கள் குதிரையேறி ஈட்டியால் மோதிய களம். அரசி அரியணை ஏறிய நவம்பர் 17ஆம் தேதி அங்கே பெருவிழா. நடுவில் நீளமான மரத்தடுப்பு. அதன் இரு பக்கமும் குதிரைகள் எதிரெதிராகப் பாய்ந்து வரும். எதிராளியின் கவசத்தில் பட்டு ஈட்டி முறிந்தால் புள்ளி. உயிராபத்தும் இருந்தது. பாரிஸில் 1559இல் நடந்த இப்படியொரு மோதலில் முறிந்த ஈட்டியின் சிராய் கண்ணருகே பாய்ந்துதான் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி இறந்தார்.

அக்காலப் படைகளில் குதிரைப்படைக்கு எக்காளமும் பேரிகையும். காலாட்படைக்கு ட்ரம்மும் குழலும். பள்ளிக்கூட பாண்டில் சைட் ட்ரம் அடித்தவன் என்பதால் என் மனம் இரண்டாவதன் பக்கமே போகும்.

1610 ஜனவரி 6 இரவு, லண்டன் வைட்ஹோல் அரண்மனையின் விருந்து மண்டபத்தில், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மூத்த மகன் இளவரசர் ஹென்றி தடுப்புக்கு இப்பால் நின்று போரிட்டார். வயது 16கூட நிரம்பவில்லை. அவரும் தோழர் அறுவரும் ஒரு பக்கம், 56 பேர் மறுபக்கம். கொடுத்ததும் வாங்கியதுமாக 32 ஈட்டிக் குத்து, ஏறக்குறைய 360 வாள்வீச்சு என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு கிரீனிச்சில், ஆங்கிலப் படை நடக்கும் ட்ரம் அடியை அவர் தன் முன்னால் அடிக்கச் செய்து ஒழுங்குபடுத்தினார். 1612இல் காய்ச்சலில் இறந்துபோனார்.

தம்பி முதலாம் சார்ள்ஸ் மன்னரான பிறகு 1632இல் ஓர் ஆணை பிறப்பித்தார். ட்ரம் அடிப்பவர்களின் கவனக்குறைவால் பழைய நடை அதன் கம்பீரம் கெட்டு, அழிந்தே போகும் நிலைக்கு வந்துவிட்டது; அண்ணன் நிலைநிறுத்திய அடியையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லோரும் பிசகாமல் அடிக்க வேண்டும் என்றது அது. அடிகளையும் அதிலேயே எழுதினார்கள்: 'பூ டூ பூ டூ பூங்'. அதைப் படித்ததும் எனக்கு எங்கள் பாண்ட் சேரின் குரல்தான் கேட்டது.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரங்களில் சேர் ட்ரம்மைத் தொடவே விடமாட்டார். வாங்கில் தடியால் தட்டவைத்து, 'டம் டம் டரர டம்' என்று வாயாலேயே சொல்லித் தருவார். முதல் 'டம்' இடது காலுக்கு. அது பழகிய பிறகுதான் தோளில் பட்டி ஏறும். ட்ரம் இடது தொடையில் சாய்ந்து, நடக்கும்போதெல்லாம் முழங்காலுக்கு மேலே இடிக்கும். நாங்கள் ஓர் அடி பிசகினால் பின்னால் வரும் நான்கு இல்லங்களின் காலும் குழம்பும். அதனால் சேர் அந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த அடிகளை யாரும் எழுதி வைக்கவில்லை. நேராக நடக்கும்போது அடித்ததை நான் எழுதியிருக்கிறேன். மைதான வளைவில் திரும்பும்போது அடித்ததும், கொடி தாழ்த்தும் இடத்தில் உருட்டியதும் முழுமையாக வரவில்லை. எந்த ஆண்டு பாண்டில் இருந்தவராக இருந்தாலும் சரி, நினைவிருப்பதை நம் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்புங்கள். எழுத வராவிட்டால் வாயால் சொல்லி ஒலிப்பதிவாக அனுப்பினாலும் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.