செருப்புற்ற சீரடி

திருப்புல்லாணியில் ஆதிஜெகந்நாதப் பெருமாளைச் சேவித்து, தீர்த்தம் வாங்கிக்கொண்டு தலை குனிந்தோம். பட்டர் சடாரி சாதித்தார். பார்க்கக் கிரீடம்போல் இருந்தாலும் அதன் உச்சியில் இருப்பது பெருமாளின் திருவடிநிலை. அது தலையில் படும்போதெல்லாம் எனக்குப் பரதன் நினைவு வந்துவிடும். அண்ணன் காலில் கிடந்த பாதுகைகளைத் தலையில் சுமந்து வந்து, நந்திக்கிராமத்தில் அரியணை ஏற்றி, 14 ஆண்டுகள் அவற்றின் பெயரால் ஆண்டவன். ராமாயண ஓவியங்களில் தலைமேல் மரப்பாதுகை தெரிந்தால் போதும், பரதன் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

தர்ப்பைமேல் பள்ளிகொண்ட ராமருக்கு இங்கே தனிச் சன்னதி. இலங்கைக்கு வழி கேட்டுக் கடலரசனுக்காகக் காத்துக் கிடந்த கோலம் அது. பாதுகையைத் தம்பியிடம் கொடுத்த பிறகுதானே ராமர் இந்தக் கரைக்கு வந்தார்! சேதுக்கரை மணலை வெறுங்காலோடுதான் மிதித்திருப்பார் என்று என் மனம் சொல்கிறது. ராமேஸ்வரம் கந்தமாதன பர்வதத்தில் சக்கரத்தின்மேல் பதிந்த பாதங்களைத் தரிசித்தபோதும் இதே எண்ணம்தான். சேதுக்கரையில் நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தோம். உச்சி வெயில், பாதம் பொறுக்கவில்லை. ஆனாலும் அந்த நடையே எனக்குப் பூசையாக இருந்தது.

அப்புறம் உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் சந்தனக் காப்பில் இருந்தார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் அதைக் களைவார்கள். மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடிய தலம். வேடர் கண்ணப்பரின் 'செருப்புற்ற சீரடி'யை, அதாவது செருப்பணிந்த பாதத்தை, திருவாசகத்தின் திருத்தோணோக்கத்தில் பாடியவரும் அவர்தான். நாம் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். கண்ணப்பரோ வேட்டைக்காட்டில் போட்டு நடந்த செருப்போடு சன்னதிக்குள் போய், அந்தக் காலாலேயே சுவாமி தலையில் இருந்த பூவை ஒதுக்கினார். ரத்தம் வழிந்த சிவனின் கண்ணுக்குத் தன் கண்ணைப் பெயர்த்து அப்பியவர், மறு கண்ணிலும் ரத்தம் வழியவே, தன் இரண்டாவது கண்ணைப் பெயர்க்கும்போது இடம் தெரிய வேண்டுமே என்று சிவனின் கண்ணிலேயே காலை ஊன்றினார்.

பரதன் சுமந்தது அரச குலத்துப் பாதுகை. அதைப் பூசிப்பதில் வியப்பில்லை. கண்ணப்பருடையதோ அன்றாடப் பிழைப்புக்குப் போட்டுப்போன செருப்பு. என் நெஞ்சு உருகுவது இதற்குத்தான். சன்னதிக்குள் செருப்பா என்று கூசி, சிற்பிகள் அதை விட்டிருக்கலாம். விடவில்லையே! கண்ணப்பர் சிலைகள் பலவற்றில் காலில் செருப்பு தெளிவாகத் தெரியும். அடுத்த முறை அறுபத்துமூவர் வரிசையில் அவரைப் பார்த்தால், கண்ணைக் கும்பிட்ட கையோடு காலையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.