சத்தம் வந்த இடம் வேறு, தண்ணீர் போன இடம் வேறு

எங்கள் வீட்டு ஃப்ளஷ் டேங்க் மூன்று வாரமாகத் தானாகவே நிரம்பிக்கொண்டிருந்தது. யாரும் பட்டனைத் தொடாதபோதே இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ‘ஸ்ஸ்’ என்று ஆரம்பிக்கும், எட்டுப் பத்து நொடி ஓடும், நின்றுவிடும். பகலில் காதிலேயே விழாது. ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் அது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று தெரியும், தெரிந்த பிறகு அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டு படுத்திருப்போம்.

சத்தம் ஃப்ளோட் வால்விலிருந்து (டேங்குக்குள் தண்ணீரை விட்டு, நிரம்பியதும் மிதவை மேலே ஏறி மூடிவிடும் பாகம்) வருகிறது, அதனால் கோளாறும் அங்கேதான் என்று முடிவு செய்து புது வால்வு வாங்கி மாட்டினேன். மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. டேங்குக்குத் தண்ணீர் வரும் வழியில் இருக்கும் சின்னத் திருகு குழாயான ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே திருகி எடுத்துவிடலாம். ஆனால் அன்று ராத்திரியும் அதே இருபது நிமிடம், அதே ‘ஸ்ஸ்’.

மறுநாள் அப்பா வந்து மூடியைத் தூக்கிக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். “தண்ணி உள்ள வர்ற சத்தத்தைத்தானே நீ கேக்கிற? அது எங்கே வெளியே போகுதுன்னு பாத்தியா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வேலை சரியான பக்கம் திரும்பியது. என்னைப் போலவே பலரும் தப்பான பாகத்தை மாற்றிவிட்டுச் சலித்துப்போகிறார்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டேங்கிலிருந்து டாய்லெட் கோப்பைக்குள் தண்ணீர் போக இரண்டே வழிதான். ஒன்று, அடியில் இருக்கும் வாஷர் சரியாக மூடாமல் கசிவது. அப்போது தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கும், கொஞ்சம் இறங்கியதும் மிதவையும் கூடவே இறங்கி வால்வைத் திறக்கும், நிரம்பியதும் மூடும். விட்டுவிட்டு வரும் சத்தம் என்றால் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, வால்வு மூடாமலே தண்ணீரை விட்டுக்கொண்டிருக்க, மட்டம் ஏறி ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வழியாக வழிந்துபோவது. இதில் சத்தம் விடாமல் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். முதல் வகையில் வால்வு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, குறைந்த தண்ணீரை நிரப்புகிறது, அவ்வளவுதான். நான் கழற்றி எறிந்தது ஒரு நல்ல வால்வு.

எது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு பென்சில் போதும். டேங்க் நிரம்பி நின்றதும் ஆங்கிள் காக்கை மூடுங்கள், உள்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள், ஒரு மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் அடி வாஷர். கோட்டிலேயே நின்றால் வால்வு. சமையலில் சேர்க்கும் சிவப்புக் கலரை டேங்கில் கலந்துவிட்டு அரை மணி நேரத்தில் கோப்பையில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பதும் பலருக்குத் தெரிந்த முறைதான். அதிலும் முதலில் ஆங்கிள் காக்கை மூட வேண்டும். இல்லாவிட்டால் ஓவர்ஃப்ளோ வழியாக வழிகிற தண்ணீரும் சிவப்பாகத்தான் போகும், எந்த வழியாகப் போனது என்று தெரியாது.

எங்கள் டேங்கில் ஒரு மணி நேரத்தில் மட்டம் 4 செ.மீ. இறங்கியிருந்தது. டேங்கின் உள்ளளவு 38 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம். அதாவது ஒரு செ.மீ. இறங்கினால் 570 மில்லி, நாலு செ.மீ.க்கு கிட்டத்தட்ட இரண்டேகால் லிட்டர், ஒரு நாளைக்கு 55 லிட்டர். கோப்பையைப் பார்த்தால் தண்ணீர் ஓடுவதே தெரியாது. கோப்பையின் பின்பக்க உள்சுவரை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டிப் பார்த்தேன், அதன் நடுவில் மட்டும் ஒரு நூல் அகலத்துக்கு ஈரம் ஏறிக் கீழே இறங்கியது. அந்த நூல்தான் 55 லிட்டர். மூன்று வாரத்துக்குக் கணக்குப் போட்டபோது மனசு மிகவும் கஷ்டப்பட்டது, ஆயிரம் லிட்டருக்கு மேல் வீணாகியிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். எங்களுடையது இரண்டு பட்டன் வைத்த டேங்க், நடுவில் உயரமாக ஒரு பிளாஸ்டிக் குழல் நிற்கும், அதுதான் தண்ணீரைத் திறந்து விடுவது. ஆங்கிள் காக்கை மூடி, ஒரு தடவை ஃப்ளஷ் செய்து, மூடியைத் தூக்கி வைத்துவிட்டு அந்தக் குழலை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் அப்படியே கையோடு வந்துவிடும். சில டேங்குகளில் பக்கவாட்டில் இரண்டு பூட்டுகளை அமுக்க வேண்டியிருக்கும், பலம் போட்டு இழுக்காதீர்கள், உடைந்தால் முழு செட்டையும் வாங்க வேண்டிவரும். குழலின் அடியில் தட்டையாக ஒரு சிலிக்கோன் வளையம் இருக்கும், நான் சொன்ன அடி வாஷர் இதுதான். எங்கள் வளையத்தில் அது போய் உட்காருகிற விளிம்பு ஒரு பள்ளமாகவே பதிந்திருந்தது, பள்ளத்தில் ஓர் இடத்தில் மணல் துகள் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் தட்டினால் வரவில்லை. தண்ணீரில் இருக்கும் உப்பு படிந்து இறுகிப்போனது அது.

வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டேங்குக்குள் கையை விட்டு, அந்த வளையம் உட்காருகிற விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு பக்கம் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருந்தது. வினிகரில் நனைத்த துணியை அந்த விளிம்பின் மேல் சுற்றி அரை மணி நேரம் விட்டேன், அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் வெள்ளையாக உதிர்ந்து வந்தது. கத்தியோ உப்புத்தாளோ வைத்துச் சுரண்டவே கூடாது. அது பிளாஸ்டிக், ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறலே கசிவுக்கு வழியாகிவிடும், எத்தனை புது வளையம் போட்டாலும் நிற்காது.

புது வளையம் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் மூன்றும் பொருந்த வேண்டும், பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் ஆனால் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். உடனே கிடைக்காவிட்டால் பழைய வளையத்தையே நன்றாகக் கழுவித் திருப்பிப் போடலாம், பள்ளம் விழாத பக்கம் கீழே வருகிற மாதிரி. சில நாளைக்குத் தாங்கும். நான் இரண்டு நாள் அப்படித்தான் ஓட்டினேன்.

மாட்டி முடித்த பிறகு மறந்துவிடக் கூடாத ஒரு விஷயம் பட்டன். மூடியின் பட்டனிலிருந்து கீழே இறங்கும் குச்சிகள் குழலின் தலையை லேசாகக்கூட அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் கசிவு நிற்கிறது, மூடினால் மறுபடி வருகிறது என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், குச்சியைத் திருகிக் குட்டையாக்கினால் போதும்.

கைப்பிடியும் சங்கிலியும் வைத்த டேங்க் என்றால் அடியில் வளையத்துக்குப் பதில் ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அதைத் தொட்டுப் பாருங்கள், விரலில் கறுப்பாக ஒட்டினால் ரப்பர் கெட்டுவிட்டது, மாற்றிவிடுங்கள். சங்கிலி ஒரு செ.மீ. அளவுக்குத் தொய்வாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் மூடி முழுதாக உட்காராது, ரொம்பத் தொய்ந்தால் சங்கிலியே மூடிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். டேங்குக்குள் போடுகிற குளோரின் மாத்திரைகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கோப்பை பளிச்சென்று இருக்கும், ஆனால் அந்தத் தண்ணீரிலேயே ராப்பகலாக ஊறும் ரப்பர் சீக்கிரமே உப்பி வளைந்துபோகும்.

பென்சில் கோடு வால்வைக் காட்டினாலும் உடனே புதியது வாங்க வேண்டியதில்லை. முதலில் மிதவையைக் கொஞ்சம் இறக்கி வைத்து, ஓவர்ஃப்ளோ வாய்க்கு இரண்டு மூன்று செ.மீ. கீழேயே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு பட்டன் டேங்கில் தனியாக ஓவர்ஃப்ளோ குழாயைத் தேடாதீர்கள், நடுக்குழலின் மேல்வாய்தான் அது. மிதவையை இறக்கியும் நிற்கவில்லை என்றால் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வால்வின் தலையைத் திருகித் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன ரப்பரை எடுத்துக் கழுவுங்கள். அப்புறம் திறந்த வாயின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் காக்கைச் சில நொடி திறந்துவிட்டால், குழாயில் மாட்டியிருந்த மணலும் துருவும் வெளியே வந்துவிடும். டம்ளர் இல்லாமல் செய்தால் தண்ணீர் கூரைவரை அடிக்கும். பழைய பித்தளைக் கம்பி வைத்த பந்து மிதவை என்றால் பந்தை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் தளும்பினால் பந்து ஓட்டை, அது இனி மிதக்காது.

சுவருக்குள் புதைத்த டேங்கிலும் இதே கதைதான், பட்டன் பலகையைக் கழற்றினால் கையை உள்ளே விடும் அளவுக்கு வழியும், உள்ளேயே தண்ணீரை நிறுத்தும் குழாயும் இருக்கும். இடம் மட்டும் ரொம்பக் குறுகல். அதில் பழக்கம் இல்லாதவர்கள் பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது. கூப்பிடுவதற்கு முன்னால் கலர் போட்டுப் பார்த்துவைத்திருந்தால், என்ன மாற்ற வேண்டும் என்று நீங்களே அவரிடம் சொல்லலாம்.

புது வளையம் போட்ட அன்று ராத்திரி மறுபடி ஒரு டிஷ்யூ பேப்பரைக் கோப்பைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் படுத்தேன். காலையில் அப்பாதான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், “காஞ்ச மாதிரியே இருக்குப்பா” என்றார். டேங்குக்குள் போட்ட பென்சில் கோட்டை நான் அழிக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, எல்லோரும் வெளியே கிளம்பும் நாளில் ஆங்கிள் காக்கை மூடிவிட்டுப் போகிறேன், திரும்பி வந்ததும் மூடியைத் தூக்கி அந்தக் கோட்டைப் பார்க்கிறேன்.