கிரிகோரியின் மகன் அரத்தூன்

என் மாமியார் வீடு பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ‘கிரிகோரி’ என்ற குடும்பப் பெயரை யாரோ ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் விட்டுச்சென்றதாகத் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தார்கள். என் மனைவி வம்சாவளி தேடத் தொடங்கியதும் அந்தச் சிப்பாய் காணாமல் போனார்.

கம்பெனிக் காலத்து மதராஸ் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு திருமணப் பதிவில் மணமகளின் தந்தை ‘அரத்தூன் கிரிகோரி’. எந்த ஆங்கிலேயர் பிள்ளைக்கு அரத்தூன் என்று பெயர் வைப்பார்? ஹருத்யூன் என்ற ஆர்மீனியப் பெயரை இங்கிருந்த எழுத்தர்கள் அப்படித்தான் எழுதினார்கள். கிரிகோரி அவருடைய அப்பாவின் பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம்முடைய இனிஷியல் போல.

ஒரு செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெருவுக்குப் போனோம். புனித அந்தோணியாரைப் பார்க்க வந்த கூட்டம் இணைப் பேராலயத்தை நிறைத்துத் தெருவிலும் வழிந்தது. அதே தெருவில் ஆர்மீனிய தேவாலயத்தின் கதவைத் தாண்டினால் ஆளே இல்லை. 1712இல் கட்டிய முதல் கோயில் போய், இப்போது நிற்பது 1772இல் எழுந்தது. வழிபட ஆர்மீனியர்கள் ஊரில் இல்லாததால் கொல்கத்தாவில் இருக்கும் அவர்களுடைய சபைதான் பராமரிக்கிறது. தனியாக நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள். முற்றத்தில் நடந்தால் கல்லறைகள் மீதுதான் நடக்க வேண்டும்.

இங்கே படுத்திருப்பவர்களில் பலருடைய பூர்வீகம் பாரசீகத்தின் புதிய ஜுல்ஃபா. 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அராஸ் நதிக்கரை ஜுல்ஃபாவைக் காலி செய்து, மக்களை இஸ்பஹான் அருகே குடியேற்றினார். அங்கிருந்துதான் பட்டும் ரத்தினமும் விற்கக் கிளம்பி மதராஸ் வரை வந்தார்கள். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டிய கோஜா பெட்ரூஸ் உஸ்கானும் ஜுல்ஃபாக்காரர்தான்.

என் மனைவி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு கல்லின் மேல் மெதுவாக ஊற்றினார். வறண்ட கல்லில் தெரியாத வெட்டு, ஈரம் பட்டதும் கறுத்து மேலே வந்தது. ஆர்மீனியத்தில் எழுத்துகளே எண்களும். கைப்பேசியில் இருந்த அட்டவணையை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினோம். 185 வந்தது. ஆர்மீனிய ஆண்டோடு 551 சேர்த்தால் நம் ஆண்டு கிடைக்கும் என்பது பொது விதி. அப்படியானால் 736! பல்லவர் காலத்தில் இங்கே யார் பட்டு விற்றார்கள்? விடை ஜுல்ஃபாவில் இருந்தது. அந்த வணிகர்களுக்கு 1616இல் தொடங்கும் தனி நாட்காட்டி, அசாரியா நாட்காட்டி, உண்டு. அதற்கு 1615 சேர்க்க வேண்டும். கல்லில் இருந்த ஆண்டு 1800. சொந்த நாடு இல்லாதவர்கள் சொந்த நாட்காட்டி வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

பெயர்தான் எங்களுடையது இல்லை. ஆனால் வேறோர் அரத்தூன் அங்கே இருக்கிறார்: பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன். ஷிராஸில் பிறந்தவர். இரண்டு மகன்களையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்துவிட்டு மதராஸ் வந்தார். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் இந்த ஊரில் அவர் அச்சிட்டதுதான். 1824இல் இறந்தார். பத்திரிகையாளர் ஒருவர் மூதாதையாக அமைந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு ஒரு நப்பாசை. தேதியும் ஊரும் இடிக்கின்றன என்று மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மதராஸ் ஆர்மீனியர்களுக்குக் கல்கத்தாவோடு நெருங்கிய உறவு இருந்ததால் அடுத்த தேடல் அங்கேதான்.

மாலையில் பெரம்பூர் போய் அத்தையிடம் விவரம் சொன்னோம். சிப்பாய் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை.

“வியாபாரி என்றால் வீடு, நிலம் ஏதாவது இருந்திருக்குமே? அந்தப் பத்திரத்தையும் சேர்த்துத் தேடுங்கள்” என்றார்.