மெஷின் போன தடம்

சிங்கப்பூருக்கு வந்து 11 வருடமாக மரம் வெட்டும் வேலைதான். முதலில் செயின்சா பிடித்தேன், இப்போது எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காட்டோரத்தில் அல்பிசியா மரங்களை எடுத்தோம். 40 மீட்டர்கூட வளரும் மரம், ஆனால் கட்டை மென்மை. பலத்த காற்றுக்குக் கொப்பு முறிந்துவிடும். முந்தின ராத்திரி நல்ல மழை. எத்தனை லோரி ஏற்றினோம் என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. ஈர மண்ணில் 20 டன் வண்டியை இஷ்டத்துக்கு ஓட்டி, சீக்கிரமே முடித்துவிட்டேன். பாராட்டும் கிடைத்தது.

நாலு மாதம் கழித்து அங்கேயே கன்று நடப் போனோம். நான் ஓட்டிய தடத்தில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. மண்வெட்டி இறங்கவே இல்லை. இரண்டடி தள்ளி வெட்டினால் சரக்கென்று இறங்கியது. கூட வந்த புதுக்கோட்டை அண்ணன் தடத்திலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து உடைத்தார். தகடு தகடாகப் பிரிந்தது. ஒரு சல்லிவேர்கூட இல்லை. "நம்ம ஊர்ல களத்துக்குத்தான் தம்பி இப்படி மண்ணை இறுக்குவோம்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மண் இறுகுவதில் பெரும்பங்கு வண்டி போகும் முதல் சில நடையிலேயே நடந்துவிடுகிறது. மரத்தின் வேரில் பெரும்பகுதி இருப்பதோ மேல்மண்ணில். அதனால் ஒரே தடத்தில் பத்து முறை போவது, பத்துத் தடம் போடுவதைவிட எவ்வளவோ மேல். பின்லாந்து, ஸ்வீடன் காடுகளில் மரத்தை வெட்டிக் கொப்பு கழிக்கும் ஹார்வெஸ்டர் மெஷின், தான் கழித்த கொப்பைத் தன் முன்னாலேயே மெத்தை மாதிரி போட்டு, அதன்மேல் ஏறிப் போகும்.

இப்போது வண்டியை இறக்குவதற்கு முன் நடந்து பார்த்து, போகும் வழிக்கு மட்டும் சிவப்பு நாடா கட்டுகிறேன். அதில் கொப்பைப் பரப்பிவிட்டு, தள்ளிக் கிடக்கும் கட்டையை வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுக்கிறோம். காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், சரி. ஆனால் சேற்றில் புதைந்த வண்டியை மீட்க அரை நாள் போவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால், தினமும் எழுதும் தாளில் லோடு கணக்குக்குப் பக்கத்திலேயே தடத்தின் நீளத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். போன மாதத்திலிருந்து என் தாளில் நானே கோடு போட்டு எழுதிக் கொடுக்கிறேன்.