ரெயில்ஸோடு மல்லுக்கட்டாமல்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதித் தருவது எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. காய் வண்டி எடைமேடை ஏறியதும் ரகம், எடை, கழிவு, விலை எல்லாம் பதிவாக வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் இருந்த பழைய கணக்கை வைத்துக்கொண்டே, ரூபி மொழியில் இணையச் செயலி எழுத உதவும் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸுக்கு மாறினோம்.

பேஸ்கேம்ப் என்ற பணி மேலாண்மைச் செயலிக்காக எழுதியதிலிருந்து டேவிட் ஹைனமையர் ஹான்சன் பிரித்தெடுத்து 2004-ல் வெளியிட்டது ரெயில்ஸ். பல விஷயங்களை அது நம்மிடம் கேட்பதே இல்லை, தானே முடிவு செய்து வைத்திருக்கிறது. டேபிளைக் கையாளும் நிரல் பகுதியான மாடலின் பெயர் ஒருமையில், டேபிள் பெயர் பன்மையில், ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் முதன்மை ஃபீல்டு ‘ஐடி’. ஒத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

எங்கள் பழைய டேபிளில் மாங்காய் ரகத்துக்கு ‘டைப்’ என்று ஒரு ஃபீல்டு. உள்ளே பெங்களூரா, அல்போன்சா. முதல் பதிவைப் படிக்கப் போனதுமே ரெயில்ஸ் நின்றுவிட்டது. ஒரே டேபிளில் பல கிளாஸ்களை (நிரலில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் எழுதும் வரையறைகளை) வைக்கும்போது எந்தப் பதிவு எந்த கிளாஸ் என்று குறிக்க அது ஒதுக்கி வைத்திருக்கும் பெயர் ‘டைப்’. அதனால் ‘பெங்களூரா’ என்றொரு கிளாஸைத் தேடிவிட்டு, இல்லையே என்று புகார் சொன்னது! கூட வேலை பார்க்கும் தம்பி, “ஆஃப் பண்ணிடலாம்ணா, ஒரே வரிதான்” என்றான். உண்மைதான். ஆனால் டேபிள் பெயருக்கு ஒரு வரி, முதன்மை ஃபீல்டுக்கு ஒரு வரி என்று சேர்ந்துகொண்டே போனால், நாளை ரெயில்ஸ் தெரிந்து வருபவரும் எங்களிடம் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருக்கும். ஃபீல்டின் பெயரை ‘வெரைட்டி’ என்று மாற்றினோம்.

அதைவிடக் கஷ்டம் மைக்ரேஷன் பழக்கம், அதாவது டேபிளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கோப்பாக எழுதி வைப்பது. ஆலையில் கணக்குப் பார்க்கும் அண்ணன் சீசன் நடுவில், “கழிவுக்கு இன்னொரு கட்டம் சேர்த்துடுப்பா” என்று போன் செய்வார். முன்பெல்லாம் சர்வரைத் திறந்து நேராக டேபிளில் சேர்த்துவிடுவோம். இப்போது மைக்ரேஷன் கோப்பு எழுதி, எங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, டேபிள்களின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமா கோப்போடு, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஏற்றி, அப்புறம்தான் சர்வர். வாசலில் லாரி நிற்கும்போது எரிச்சலாகத்தான் வரும். ஆனால் அடுத்த ஆலைக்கு அதே மென்பொருளைப் போட்டபோது, எந்த ஃபீல்டு எப்போது வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் இல்லை. எடைச் சீட்டு எண் சீசனுக்குச் சீசன் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஆலையின் வழக்கம். அதில் ரெயில்ஸுக்கு வேலை இல்லை. சீட்டு எண்ணுக்குத் தனி ஃபீல்டு வைத்துவிட்டு, ஐடியை ரெயில்ஸின் போக்கிலேயே விட்டோம். ஆலைக்காரர்கள் அந்த ஐடியைப் பார்த்ததே இல்லை.